அந்த 55 சதவீதம் பழைய கணக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிற ஒடிசா, பீகார் ஆட்களைப் பற்றிய பேச்சில், "அமெரிக்காவிலேயே 55 சதவீதம் பேர் குடியேறிகளை வெறுக்கிறார்கள், அது வருடா வருடம் ஏறுகிறது, நாமும் விழித்துக்கொள்ளணும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

55 என்பது அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 2024 ஜூனில் எடுத்த கருத்துக்கணிப்பு. குடியேற்றத்தைக் கூட்டலாமா, குறைக்கலாமா, இப்படியே விடலாமா என்று கேட்டார்கள். குறைக்கலாம் என்றவர்கள்தான் அந்த 55. அதே கணிப்பில், குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 64 சதவீதம்! இதில் வெறுப்பு எங்கே வந்தது? அப்புறம், 2025-இல் அந்த 55 அப்படியே 30-ஆக இறங்கிவிட்டது. நல்லது என்றவர்கள் 79. டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்களிடமே, குறைக்கச் சொன்னவர்கள் 88-லிருந்து 48-க்கு வந்துவிட்டார்கள். இடையில் மெக்சிகோ எல்லை வழியாக வருகிற கூட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. மனசு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நம்ம தருமபுரி மாவட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கொத்தனார்கள் கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு வண்டி ஏறுகிறார்கள். அங்கே அவர்களும் வெளியூர்க்காரர்கள்தானே?

சிப்காட்டில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்பது நியாயமான கேள்வி, அதைத் தாராளமாகப் பேசுவோம். அதற்கு இந்த எண் வேண்டாம். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள், நிறைய பேர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.