அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

ஜவுளிக்கடைத் தரையில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் உருண்டு தலையை மோதிக்கொள்ள, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். நேற்று மட்டும் ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர், "உங்க பையனும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அவனுக்கும் ஆட்டிசம், இப்படித்தான். சில நாள் இதைவிட மோசமாக.

வீடியோ எடுத்த ஆள்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. கீழே வந்த கருத்துகள்தான் தூங்கவிடவில்லை. "புள்ள தரையில உருளுது, இந்தம்மா சும்மா உக்காந்து எங்கயோ பாத்துட்டு இருக்கு." அந்த "சும்மா"வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அவளுடைய வலது கை எங்கே இருக்கிறது? பையனின் தலைக்கும் டைல்ஸுக்கும் நடுவே. அவன் தலையை மோதும் ஒவ்வொரு முறையும் அடி அவள் புறங்கையில் விழுகிறது. முதுகை எஸ்கலேட்டர் பக்கம் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவன் உருண்டு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று. எங்கேயோ பார்க்கிறாளா? அந்த நேரத்தில் அம்மா முகம்கூட அவனுக்கு இன்னொரு சுமை. ஏற்கெனவே லைட், மைக் அறிவிப்பு, புதுத்துணி வாசனை, கூட்டம் எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் இடித்துக்கொண்டிருக்கும்போது, "என்னடா கண்ணா, என்ன வேணும், சொல்லு சொல்லு" என்று ஆரம்பித்தால் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய்தான். பேச்சைக் குறை, தலையைக் காப்பாற்று, காத்திரு. அதை அவள் சரியாகச் செய்திருக்கிறாள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள நாலு வருஷம் ஆனது.

"அடம் பிடிக்குது, ரெண்டு அறை விட்டா சரியாயிடும்" என்று எழுதிய பெரியவர்களுக்கு. அடம் எங்களுக்கும் தெரியும். என் பையனும் அடம் பிடிப்பான். மொபைலை வாங்கினால் கத்துவான், ஓரக்கண்ணால் நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே கத்துவான். கொடுத்தால் அடுத்த நொடி நிற்கும். அதற்கு நாங்கள் இளகுவதில்லை. அடுத்து என்ன என்று காட்டும் படக்கார்டு, டைமர், ஐந்து நிமிடம், முடிந்தது. முதல் ஒரு வாரம் கத்தல் இரண்டு மடங்கானது, பிறகு இறங்கியது. ஆனால் மெல்ட்டவுன், அதாவது சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்காமல் உடைந்துபோவது, வேறு. அதில் யாரையும் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அவன் எதையும் கேட்கவே இல்லை.

அறையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் அறைந்திருக்கிறேன். அப்போது அவனுக்கு ஆறு வயது. திடீரென்று சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். மூன்று வாரம். தெரபிஸ்ட் ஒரு நோட்டுப் போடச் சொன்னார்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று கட்டம். நானும் கடமைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன அவமானத்தில், ஒன்று விட்டேன். அவன் என் கையை இழுத்து அதே கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்து நானும் அழுதேன். அடுத்த வாரம் நோட்டைப் புரட்டினால், முட்டியதெல்லாம் பல் தேய்க்கும் நேரம், சாப்பிட்ட பிறகு. டாக்டர் பார்த்தார். கடைவாய்ப்பல் முழுக்கச் சொத்தை. பேச்சு வராத பிள்ளை வலிக்கிற இடத்தைக் காட்டியிருக்கிறான், நான் அறைந்த கையையே எடுத்து.

இதை எழுதியிருக்கவே வேண்டாம். சரி, எழுதிவிட்டேன்.

அப்புறம் அந்த "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க" கோஷ்டி. ஒரு வேடிக்கை சொல்கிறேன். லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகில் பதிவானது. அதற்குப் பிறகு பல வருஷம் டாக்டர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அம்மாவிடம் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது. "ஃபிரிட்ஜ் அம்மா" என்று பெயரே வைத்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் புத்தகமே எழுதி அதை மறுத்தார். அவர் பிள்ளைக்கும் ஆட்டிசம். ஆக, அன்றைக்குப் பாசம் குறைவு, இன்றைக்குச் செல்லம் அதிகம். அளவு எவ்வளவு என்று யாராவது கிராம் கணக்கில் சொன்னால் நாங்களும் நிறுத்துப் போடுவோம்.

"மத்தவங்களுக்கும் தொந்தரவுதானே?" தொந்தரவுதான். ஒத்துக்கொள்கிறேன். பத்து நிமிஷம்.

"தெரிஞ்சே ஏன் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வரீங்க?" இதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கே விடட்டும்? பீரோவிலா? அவனுக்குப் பேண்ட் அளவு பார்க்க வேண்டாமா? நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கையோடு போகிறோம். காதுக்கு ஹெட்போன், கையில் மூன்று படம்: கடை, தோசை, வீடு. அவன் விரல்களைத் தேய்க்க ஆரம்பித்தால் பில் போடாமலே வெளியே வந்துவிடுவோம். இவ்வளவும் செய்து, யாரோ பின்னாலிருந்து பலூனை உடைத்தால் முடிந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. அதற்கான அடையாள கார்டு இருக்கிறது. நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரட்டுமா?

என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு, "நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தாப் போதும், இன்னொருத்தர் அவனைப் பாத்துக்கணும்ல" என்று அழைத்தார்கள். ரொம்ப அக்கறையான அழைப்பு. போகவில்லை. இந்தப் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். இருக்கிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள் என்பதை வெளியாள் கமெண்ட்டில் சொல்கிறார், சொந்தக்காரர் பத்திரிகை வைத்துச் சொல்கிறார்.

உதவ நினைத்தால் கூட்டத்தை விலக்குங்கள், மைக்கை நிறுத்தச் சொல்லுங்கள், அவளிடம் தள்ளி நின்று "தண்ணி வேணுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போய்விடுங்கள். அந்தப் பையனுக்குப் பத்து வயது இருக்கும். நாளைக்கு அவன் பள்ளிக்கூடத்தில், தெருவில், அந்த வீடியோ ஓடும். வீடியோ எடுத்தவர் இன்னும் அதை நீக்கவில்லை. அதைவிட, இன்று காலை வேறொருவர் அதையே வெட்டி, சோகப் பாட்டு சேர்த்து, "தாய்மையின் பொறுமை" என்று போட்டிருக்கிறார். பன்னிரண்டாயிரம் லைக். சார், அதையும் அழித்துவிடுங்கள்.