கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாமா?

பசித்த நாட்டுக்குத் தானியம் அனுப்புகிறவர்கள் அதை வைத்து அரசியல் பேரம் பேசக் கூடாது. இதை இன்று நம் அரசிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமே பட்ட பாடு இது.

1954-இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்படி அந்நாட்டின் உபரிக் கோதுமையை டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வாங்க முடிந்தது. 1960-இல் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் நான்கு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டன் கோதுமைக்கு ஒப்பந்தம் போட்டார். கப்பல் தவறாமல் வந்ததால் உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை கொடுக்கும் அவசரம் டெல்லிக்கு வரவில்லை. அந்தத் தவறு நம்முடையது.

1965-இல் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. பீகார் பஞ்சத்தில் விழுந்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அந்த நேரத்தில்தான் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு மறுத்து, சில மாதத் தேவைக்கு மட்டும் என்று அளந்து அளந்து அனுமதித்தார். வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்ததில் அவருக்குக் கடும் கோபம். அந்தக் கோதுமையால் லட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அடுத்த கப்பல் வருமா என்று தெரியாமல் ஒரு நாட்டையே தவிக்க விட்டதை எப்படி நியாயப்படுத்துவது?

இந்த நெருக்கடியில் நான் மிகவும் மதிப்பது அப்போதைய உணவு, விவசாய அமைச்சர், பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியத்தை. 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனோடு அவர் போட்ட உடன்பாடு ரகசியமாகவே வைக்கப்பட்டது. விவசாயத்தில் முதலீடு, உரம், புதிய விதை என்று ஃப்ரீமன் கேட்டவற்றில் பெரும்பகுதி, சுப்பிரமணியம் ஏற்கெனவே அமைச்சரவையில் போராடிக் கேட்டுக்கொண்டிருந்தவைதான். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவற்றை எதிர்த்து வந்தார். வெளியிலிருந்து வந்த நெருக்கடியைச் சுப்பிரமணியம் தன் திட்டத்துக்குச் சாதகமாக்கிக்கொண்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. 1968-இல் கோதுமை விளைச்சல் 1.6 கோடி டன்னைத் தாண்டியபோது அவர் அமைச்சராக இல்லை. 1967 தேர்தலில், அரிசித் தட்டுப்பாட்டின் கோபம் தமிழ்நாட்டில் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், தோற்றுப்போயிருந்தார்.

எல்லா நாட்டுக்கும் அப்படித் தப்பிக்க வாய்க்கவில்லை. 1974-இல் வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது என்பதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. வங்கதேசம் அந்த ஏற்றுமதியைக் கைவிட்டது. ஆனாலும் தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சம் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. சாக்குக்காகச் செத்தார்கள் என்று நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது தானியம் நம் கையில் இருக்கிறது. 2021-இல் ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தருவதாக அறிவித்தோம். பாகிஸ்தான் வழியாக யாருடைய லாரியில் கொண்டுபோவது என்று இரு அரசுகளும் பேசிக்கொண்டே இருந்ததில் முதல் லாரிகள் வாகா எல்லையைத் தாண்டியது 2022 பிப்ரவரி 22-இல். ஆப்கானிஸ்தானின் குளிர்காலத்தில் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிட்டது. அடுத்து மே 13-இல் கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டோம், வேறு அரசுகள் கேட்டால் மட்டும் அனுமதி என்ற விதிவிலக்கோடு. உள்நாட்டு விலை ஏறும்போது தடை போடுவது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்கும் நாடுகளில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்கிறோம்? அதை அரசு நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்க வேண்டும். அடுத்த வறட்சி வருவதற்கு முன்பே வைக்க வேண்டும்.