குட்டி யானைக்குக் கொம்பு முளைத்தால் பட்டணம் ஏன் ஓட வேண்டும்?

'ஆனை ஆனை அழகர் ஆனை' என்று குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பாடும் பாட்டுக்குத் தத்துவ விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யானை என்பது ஆணவமாம், கரும்பு என்பது புலனின்பமாம். சிரிப்பதற்கென்றே கட்டப்பட்ட ஒரு பாட்டை இப்படிப் பிரசங்கமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நகைச்சுவை முழுவதும் அடிகளின் வரிசையில் இருக்கிறது. அழகரும் சொக்கரும் ஏறும் அந்தப் பெரிய யானை கட்டுக் கரும்பை முறிக்கிறது, காவேரித் தண்ணீரைக் கலக்குகிறது. இத்தனைக்கும் ஊரில் ஒருவரும் அசைந்ததாகப் பாட்டு சொல்லவில்லை. கடைசியில், 'குட்டி ஆனைக்குக் கொம்பு முளைச்சதாம், பட்டணமெல்லாம் பறந்தோடிப் போச்சாம்' என்று முடிகிறது. பெரியதற்கு அஞ்சாத ஊர் சிறியதற்கு அஞ்சி ஓடுகிறது.

அந்தக் குட்டி யானை மடியில் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தைதான் என்பது என் வாசிப்பு. யானையின் தந்தம் உண்மையில் நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல். குழந்தைக்கும் ஏறத்தாழ ஆறு மாதத்தில், தானாக உட்கார்ந்து ஆடத் தொடங்கும் பருவத்தில்தான், முதல் பல் எட்டிப் பார்க்கிறது. பல் முளைத்த பிள்ளை அகப்பட்ட விரலையெல்லாம் கடிக்கும்போது வீட்டார் அலறிக்கொண்டு ஓடுவது போல் நடிப்பதை அப்பத்தாக்களும் அம்மிச்சிகளும் அறியாதவர்களா? பாடியவர்கள் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை, பிள்ளை வளர்த்திருந்தாலே போதும்.

மதுரைப் பக்கத்துச் சாமிகளைச் சுமக்கும் யானை வைகையை விட்டுவிட்டுக் காவேரியைக் கலக்குவானேன் என்று கேட்கலாம். கட்டு, கரும்பு, காவேரி, குட்டி, கொம்பு என்று ககர வருக்கத்திலேயே உருளும் பாட்டுக்கு வைகை ஒத்துவந்திருக்காது. பவானியிலும் ஈரோட்டிலும் கொடுமுடியிலும் அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் குறையொன்றும் இல்லை.

கரும்பு அடிதான் கொங்குநாட்டாருக்கு இன்னும் நெருக்கமானது. முறிபடுவது தோட்டத்தில் நிற்கும் கரும்பன்று, வெட்டிக் கட்டிய கரும்பு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஆசனூரை அடுத்த காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம், கரும்பு லாரிகளை மறித்து யானைகள் கட்டுகளை உருவித் தின்பது இன்றும் நடக்கிறது. (பட்டணத்தார் இப்போது ஓடுவதில்லை, காரை நிறுத்திக் கைப்பேசியை நீட்டுகிறார்கள்.) தாளவாடியிலும் தொண்டாமுத்தூரிலும் வாழையையும் கரும்பையும் யானைக்குப் பறிகொடுத்து, இரவில் பட்டாசும் டார்ச் விளக்கும் வைத்துக்கொண்டு காவல் இருக்கும் உழவர் அதே பாட்டைப் பேரப்பிள்ளைக்குப் பாடுவதில் எனக்கு முரண் தெரியவில்லை. இரவெல்லாம் அவர் விரட்டிய விலங்கு, பாட்டில் அவர் மடியில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. பயந்து ஓடும் வேலையும் பட்டணத்தார் தலையில் விழுந்துவிடுகிறது.