ஆவாரம்பூ குடித்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாமா?

"ஆவாரம்பூத் தண்ணீரை 48 நாள் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஆவாரை நம் செம்மண் பொட்டலில் கோடையிலும் பச்சையாக நிற்கும் செடி. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம். அதன் பட்டையில் தோல் பதனிடுவார்கள். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியும் அந்தச் செய்திக்குத் துணை வருகிறது. எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் பூச்சாறு சர்க்கரையைக் குறைத்தது உண்மைதான். மாத்திரைக்கு மாற்று என்று மனிதரிடம் நிரூபணமாகவில்லை.

இன்சுலின் போடுகிறவர் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். வீட்டில் அப்பத்தாவோ ஐயாவோ குடித்து வந்தால், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.