தாடையில் தொங்கிய முகக்கவசம்

2022 பொங்கலுக்குக் கொரோனா காரணமாக இரவு 10 மணி முதல் ஊரடங்கு, ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்கள் அடைப்பு, 16ஆம் தேதி காணும் பொங்கலன்று முழு ஊரடங்கு என்று அரசு தெளிவாக அறிவித்திருந்தும், அதற்கு முந்தைய நாள் சென்னை காசிமேடு மீன் சந்தையில் நான் கண்ட கூட்டத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு என் தோளருகே தும்மினார், தள்ளி நிற்கச் சொன்னதற்கு, "பண்டிகை நாளில் இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று என்னிடமே எரிந்து விழுந்தார். 2020 ஜூனில் சென்னையிலேயே அதிகமாகக் கொரோனா வாட்டியெடுத்த ராயபுரம் மண்டலத்தில்தான் இது நடந்தது. அந்த 2020இல் தெருமுனையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதெல்லாம் சன்னலைச் சாத்திக்கொண்டு நடுங்கியவர்கள் நாம்தானே? ஆஸ்துமாவோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த என் அம்மாவிடம், இவர்களுடைய அலட்சியத்தை நான் ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும்?