அழாமல் பாடியவர்

ஈக்வடார் பாடகர் ஹூலியோ ஹராமியோவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பத்தியிலேயே மதுக்கோப்பை வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே பெண்கள், பிள்ளைகள் எத்தனை என்ற கணக்கு, 42 வயதில் சாவு. ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் வெனிசுலாவிலும் பொலேரோ என்னும் மெதுவான காதல் பாட்டு வகையைச் சொன்னதும் பலர் காதில் முதலில் ஒலிப்பது இவர் குரல்தான். அந்தக் குரல் எப்படி வேலை செய்தது என்ற பேச்சு மட்டும் மிகக் குறைவு. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. குடித்ததால் யாருக்கும் இப்படிப் பாட வராது. இது கைத்தொழில் போலப் பழகிப் பெற்ற நுட்பம்.

1935 அக்டோபர் 1 அன்று ஈக்வடாரின் துறைமுக நகரமான குவாயாகிலில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார், தாய்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். அண்ணன் பெப்பேயும் பாடகர். ஹூலியோ கொஞ்ச காலம் செருப்புத் தைத்துப் பிழைத்தார். 1954இல் ஃப்ரேசியா சாவேத்ராவுடன் சேர்ந்து முதல் இசைத்தட்டு. 1957இல் 'நுவெஸ்த்ரோ ஹுராமெந்தோ', அதாவது 'நம் சத்தியம்'. எழுதியவர் போர்ட்டோ ரிக்கோவின் பெனிதோ தே ஹெசூஸ். அந்த ஒரு பாட்டுக்குப் பிறகு ஊரெல்லாம் அவரை 'மிஸ்டர் ஹுராமெந்தோ' என்றே கூப்பிட்டது.

அந்தப் பாட்டின் பொருளை மட்டும் எடுத்துச் சொன்னால் மிகை நாடகம் போலத்தான் இருக்கும். காதலர் இருவர் சாவைப் பற்றி ஒப்பந்தம் போடுகிறார்கள். நான் முதலில் போனால் என் உடல் மேல் அழு. நீ முதலில் போனால் நம் காதல் கதையை ரத்தத்தால் எழுதுவேன். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் கதறித் தீர்த்திருப்பார். ஹராமியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவில் பாடுகிறார். குரல் உடைவதில்லை, விம்மல் இல்லை, உச்ச சுரத்தில்கூட அழுத்தம் கூடுவதில்லை. அழ வேண்டியவர் கேட்பவர், பாடுபவர் அல்ல என்பதில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார்.

இப்படிப் பாட இடம் கொடுத்தது பக்கவாத்தியம். பொலேரோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியூபாவின் சாந்தியாகோவில் பிறந்தது. ஸ்பெயினில் இதே பெயரில் ஒரு மூன்றெண்ணிக்கை நடனம் உண்டு, இது வேறு. கியூபா பொலேரோ முதலில் இரண்டெண்ணிக்கை, பிறகு நான்காக நின்றது. சிலியின் லூச்சோ காத்திகா போன்றவர்கள் பெரிய வாத்தியக் குழுவோடு பாடினார்கள். ஹராமியோவின் பெயர்பெற்ற பதிவுகளில் இருப்பது கிட்டார்கள், மராக்காஸ் என்னும் கிலுகிலுப்பைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ரோசலினோ கின்தேரோவின் ரெக்கிந்தோ.

ரெக்கிந்தோ சின்னக் கிட்டார். சாதாரணக் கிட்டாரில் அதிரும் தந்தி நீளம் 65 செ.மீ., இதில் 53, 54 செ.மீ. அளவு. சுருதி ஐந்து அரைச்சுரம் மேலே: கனத்த தந்தியிலிருந்து லா, ரே, சோல், தோ, மி, லா (A, D, G, C, E, A). ட்ரியோ லோஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவின் ஆல்ஃப்ரெதோ ஹில் 1940களில் இதைப் பிரபலப்படுத்தினார். கருவி கிடைக்காதவர்கள் சாதாரணக் கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்துக் கட்டையில்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் அதே சுருதி வரும். ஆனால் தந்தி நீளம் 49 செ.மீ. அளவுக்குக் குறைவதால் ஒலி கொஞ்சம் மெலியும். கேப்போ போடாமல் வழக்கமான தந்திகளையே முறுக்கி அந்தச் சுருதிக்கு ஏற்றப் பார்க்காதீர்கள். இழுவிசை ஏறக்குறைய 1.8 மடங்காகும், மெல்லிய தந்தி அறும், இல்லாவிட்டால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

தாளம்தான் பலரும் சறுக்கும் இடம். ஓர் அளவில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், வரும் நான்கு தட்டையும் பாதிப் பாதியாக வெட்டினால் எட்டுக் கட்டம். மராக்காஸ் எட்டையும் சமமாக நிரப்பும். கிட்டாரில் கட்டைவிரல் முதல் கட்டத்தில் கனத்த தந்தியைத் தட்டும், இரண்டாவது கட்டம் மௌனம், மீதி ஆறையும் விரல்கள் நிரப்பும். பாஸ் என்னும் அடிச்சுரம் முதல் தட்டில் விழுந்து இரண்டு தட்டு நீளும், பிறகு மூன்றிலும் நான்கிலும் ஒவ்வொன்று. புதிதாகப் பழகுபவர்கள் அந்த இரண்டாவது கட்டத்தையும் மீட்டிவிடுகிறார்கள். உடனே ஊஞ்சலாட்டம் போய்விடும், குழாயில் தண்ணீர் விட்ட மாதிரி ஆகிவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்து, அந்த ஒரு கட்டத்தில் கையை நிறுத்திப் பழகுங்கள். மராக்காஸை ஆட்டாதீர்கள். ஆட்டினால் உள்ளே இருக்கும் விதைகள் உருண்டு ஒலி இரட்டிக்கும். மணிக்கட்டைச் சுண்டிச் சட்டென நிறுத்தினால் விதைகள் ஒன்றாக மோதி ஒரே 'சிக்' கேட்கும்.

ரெக்கிந்தோ பேசும் இடம் பாடகர் வாய் மூடிய இடம். முன்னிசை, வரி முடிவில் ஒன்றிரண்டு அளவு, நடுவில் தனி ஆவர்த்தனம் போல ஒரு பகுதி, அவ்வளவே. வரி ஓடும்போதே ரெக்கிந்தோவும் ஓடினால் இரண்டும் ஒரே உயரத்தில் மோதி, சொல் கேட்காது. கின்தேரோ காத்திருப்பதைக் கவனியுங்கள். ஹராமியோ கடைசி அசையைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் அவரும் தாமதமாகவே நுழைகிறார். பல தடங்களில் தனித்தனியே பதிந்து ஒட்டும் வசதி பரவாத காலம் அது. ஒரே அறையில் சேர்ந்து வாசித்தவர்களுக்கு இடையில் நடந்த உரையாடல் அந்தப் பதிவில் அப்படியே இருக்கிறது.

இனி குரல். நம்மவர்கள் இதைப் பாட முயலும்போது முதலில் நுழைவது கமகம். இங்கே சுரத்தில் நேராகப் போய் உட்கார வேண்டும். அதிர்வு வேண்டுமென்றால் நீண்ட சுரத்தின் கடைசிப் பகுதியில் மட்டும், அதுவும் மெல்லியதாக. மூச்சைப் பொருள் முடியும் இடத்தில் எடுங்கள். வரி நடுவில் எடுத்தால் வாக்கியம் இரண்டாகிவிடும். தட்டுக்குச் சற்றுப் பின்னால் பாடலாம், ஆனால் அளவு முடிவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். தாமதம் அடுத்த அளவுக்குள் கசிந்தால் அது தடுமாற்றம்.

அடுத்தது உச்சரிப்பு. ஸ்பானிய மொழியில் ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசையாகும். 'மி அல்மா' (என் ஆன்மா) பாடும்போது 'மியல்மா', இரண்டே அசை. உடம்படுமெய் தெரிந்த நமக்கு இது எளிதாக வர வேண்டும். ஆனால் சொற்களைப் பிரித்து எழுதிய தாளைப் பார்த்துப் பாடுவதால் மூன்றாக்கிவிடுகிறோம். ஒரு அசை கூடியதும் வரி தாளத்துக்குள் அடங்காமல் பிதுங்குகிறது. ஹராமியோவின் பதிவை வைத்துக்கொண்டு தாளில் சேர்ப்புக் கோடு போட்டு, அதன்படி பாடுங்கள்.

அவருடைய பொலேரோ கியூபாக்காரர்களின் பொலேரோவிலிருந்து வேறுபட்டு ஒலிப்பதற்கு நான் காணும் காரணம் பாசியோ. ஈக்வடார் மக்கள் நெஞ்சில் வைத்திருக்கும் மூன்றெண்ணிக்கை இசை அது. ஆறு கட்டத்தில் முதல் இரண்டு ஒலிக்கும், மூன்றாவது மௌனம், நான்காவது ஒலிக்கும், கடைசி இரண்டும் சேர்ந்து ஒரு நீட்டல். உருவத்தில் வால்ட்ஸின் உறவு, மனத்தில் பிரிவுத் துயரம். அதையும், வால்ஸ் என்னும் தென்னமெரிக்க வால்ட்ஸையும் பாடிப் பழகிய தொண்டையோடுதான் ஹராமியோ பொலேரோவுக்கு வந்தார். நடன மேடையின் மினுக்கு அதில் இல்லாதது அதனால்தான். 1993இல் ஈக்வடார் அரசு அவர் பிறந்த அக்டோபர் 1ஐ தேசிய பாசியோ நாளாக அறிவித்தது. 2021இல் யுனெஸ்கோ ஈக்வடாரின் பாசியோவையும், 2023இல் கியூபா, மெக்சிகோ நாடுகளின் பொலேரோவையும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் ஒரே தொண்டையில் வாழ்ந்ததைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

4,000 பாடல்கள் பதிந்தார் என்று சொல்லப்படும் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே பாட்டை வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நிறுவனத்துக்குப் பாடும் பழக்கம் அன்று சாதாரணம். எதை ஒன்று என்று எண்ணுவது? ஓலிம்போ கார்தெனாஸ், தானியேல் சாந்தோஸ் ஆகியோரோடு பாடிய இருகுரல் பாட்டுகள் எனக்கு அந்த எண்ணைவிடப் பெரியவை. இன்னொரு குரல் வந்ததும் அவர் தன்னுடையதை எவ்வளவு அடக்குகிறார் என்று அங்கே தெரியும்.

1960களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பத்தாண்டு வெனிசுலாவில் இருந்தார். ஊர் திரும்பிச் சில ஆண்டுகளில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலில், 1978 பிப்ரவரி 9 அன்று குவாயாகிலில் இறந்தார். தெரு கொள்ளாத கூட்டம் வழியனுப்பியது. காசு போட்டால் தட்டுச் சுழலும் ராக்கோலாப் பெட்டிகள் மதுக்கடைகளில் இருந்தன; அவர் பாட்டும் அங்கேதான் அதிகம் ஓடியது. கேட்ட இடத்தின் வாடை பாடியவர் மேல் ஒட்டிக்கொண்டது.

முதல்முறை கேட்பவர்கள் எதிரொலி சேர்த்த மறுபதிப்புகளைத் தவிர்த்து, மோனோ (ஒற்றை ஒலித்தட) பதிவாகத் தேடுங்கள். மராக்காஸின் ஒவ்வொரு 'சிக்'கும் தனியாகக் கேட்டால் அது நல்ல பிரதி. ஹெட்ஃபோன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும். 'நுவெஸ்த்ரோ ஹுராமெந்தோ'வில் ரெக்கிந்தோவின் முன்னிசை முடிந்து குரல் நுழையும் இடத்தை மட்டும் முதலில் பத்து முறை கேளுங்கள். மீதிப் பாட்டு அப்புறம்.