உருக்கிய ரூபாயில் ஒரு கோப்பை

ஐரோப்பாவின் ஆறு அணிகள் ஆண்டுதோறும் மோதும் ‘ஆறு நாடுகள்’ ரக்பி தொடர் பற்றிய உங்கள் கட்டுரையில், இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்தில் வெல்பவருக்குக் கிடைக்கும் கல்கத்தா கோப்பையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! அதன் கதைதான் சுவையானது.

1873-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். கிளப்பில் இலவசமாகக் கொடுத்துவந்த மது நின்றதும் ஆட்களும் குறைந்துபோனார்களாம். அந்த வெயிலில் ரக்பி ஆடச் சொன்னால் வேறென்ன நடக்கும்? போலோவும் டென்னிஸும் மிச்சப் பேரை இழுத்துக்கொண்டன. கிளப்பை மூடியபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டு கோப்பை செய்து 1878-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அதற்காக மோதுகின்றன. முதல் ஆட்டம் டிரா!

கட்டுரையில் இருக்கும் கோப்பையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை. அடிப்பீடத் தகடுகளில் வெற்றிபெற்ற நாடும் இரு அணித் தலைவர்களின் பெயர்களும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கோப்பை பிறப்பதற்கு முன் இந்த இரு நாடுகளும் ஆடிய 1871 ஆட்டம்கூட அதில் ஏறிவிட்டது.

பராமரிப்பு? 1988-ல் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் போதையில் எடின்பரோ தெருவில் இதையே பந்தாக்கி விளையாடி நசுக்கிவிட்டார்கள். ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம். இது என்ன கணக்கோ! மெல்லிய வெள்ளி என்பதால் இப்போது அசலைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள், வெளியே காட்ட நகல்கள் உண்டு. அப்புறம், கட்டுரையில் போட்டிருக்கும் படம் அசலா நகலா?